முன்பு ஊதியவரின் மூச்சு

மலிவாகக் கிடைக்கும் பாஸ் டிராம்போன்களில் எதை வாங்கலாம் என்று கேட்டுச் சென்ற மாதம் திவ்யா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குன்னூர்ப் பக்கத்து உறைவிடப் பள்ளியொன்றில் நான் விட்டுவந்த இசையாசிரியர் பணியில் இப்போது இருப்பவர் அவர்.

“சார், ரெண்டு ட்ரிகர் வெச்சதே இப்ப ரொம்பக் கம்மியா வருதுங்க. படம் அனுப்பட்டுங்களா?”

“அனுப்பம்மா. படத்தில் உட்புறம் தெரியுமா?”

“குழாய்க்குள்ளயா? அதையெல்லாம் யாருங்க சார் படம் எடுப்பாங்க?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவருக்கு வாயால் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன். என்னோடு பணிசெய்த பிறருக்கும் இது பயன்படக்கூடும்.

அக்கருவியை அறியாதோர்க்குச் சில சொற்கள். டிராம்போன் என்பது நீட்டியும் சுருக்கியும் ஊதப்படும் பித்தளைக் கொம்பு. ‘இழுகொம்பு’ என்று நான் அதற்குப் பெயரிட்டேன்; மாணவர்கள் என் முன்னிலையில் மட்டும் அப்படிச் சொன்னார்கள். பாஸ் டிராம்போன் அவ்வினத்தில் பெரியது. குழாயும் அகலம், ஒலி வெளிவரும் வாயும் அகலம். இடக்கைப் பெருவிரலுக்கு ‘ட்ரிகர்’ எனப்படும் விசை ஒன்றோ இரண்டோ இருக்கும். அழுத்தினால் காற்று கூடுதலான குழாய்ச் சுற்றொன்றின் வழியே சென்று தாழ்ந்த சுரங்களைத் தரும். சிக்கலான உள்வழிகள் கொண்ட கருவி அது. நம் கண்ணுக்கு எட்டாத இடமே அதில் மிகுதி.

தமிழில் முதுகலை முடித்துத் தமிழாசிரியனாகத்தான் அப்பள்ளியில் சேர்ந்தேன். இளமையில் தேவாலயப் பேண்டில் ஊதியவன் என்பதை யாரோ சொல்லிவிட, பேண்டு மாஸ்டர் சாலமனுக்குத் துணையாக அனுப்பப்பட்டேன். இசையாசிரியனாக அங்கேயே தங்கிவிட்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாஸ்டருக்கு அஞ்சினேன், அஞ்சியபடியே கற்றேன்.

சாலமன் மாஸ்டர் படைப்பிரிவொன்றின் இசைக்குழுவில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரேனும் பிழையாக ஊதினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். துடைத்து முடியும்வரை கூடத்தில் ஒருவரும் அசைய மாட்டோம். பிறகு கண்ணாடியை அணிந்துகொண்டு, “ம்” என்பார். அந்த ஓரெழுத்துக்கு அஞ்சியே பலர் நல்ல கலைஞர்கள் ஆனார்கள்.

பழைய கருவி ஒன்றை அவர் தேர்வுசெய்யும் முறை மாறாதது. முதலில் பெட்டியைத் திறந்து முகர்வார். அடுத்து, இழுகுழாயைச் செங்குத்தாகப் பிடித்துப் பூட்டை விடுவிப்பார். வெளிக்குழாய் தன் எடையாலேயே ஒரே சீராக இறங்கவேண்டும். நடுவில் தயங்கினால் குழாய் வளைந்திருக்கிறது. விசைக்குரிய சிறுகுழாயைப் பாதி உருவியபின் விசையை அழுத்துவார். ‘டப்’ என்றொரு ஒலி எழவேண்டும். எழாவிட்டால் எங்கோ காற்றுக் கசிகிறது. பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று வெயிலில் திருப்பிப் பார்ப்பார். அவை உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்படுவதன் அடையாளம். இறுதியாகத் தம் பையிலிருந்து வெள்ளை எனாமல் பேசினை எடுத்து வைத்து, வெதுவெதுப்பான நீரைக் குழாயின் ஒரு முனையில் ஊற்றி, மறுமுனையில் விழும் நீரின் நிறத்தைப் பார்ப்பார். நீர் தெளிந்து விழும்வரை உதட்டை அதன் அருகே கொண்டுபோக மாட்டார்.

“பித்தளையை நம்பிடாதீங்க தம்பி. முந்தி ஊதுனவன் மூச்சு அதுக்குள்ளதான் இருக்கும்” என்று ஒருமுறை சொன்னார். இறந்தவர்களைப் பற்றிப் பேசும் தொனியில் அதைச் சொன்னார்.

அவர் பள்ளியை விட்டுச் செல்வதற்குச் சற்று முன்னர் மஞ்சூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்தோணி வந்தார். தோட்டத் தொழிற்சாலையில், பறித்துவந்த கொழுந்தைப் பரப்பி வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. அகன்ற மார்பும் மெல்லிய பேச்சும் உடையவர். அவர்கள் தேவாலயப் பேண்டில் மேற்குரல் கருவிகள் எல்லாம் இருந்தன, அடிக்குரல் இல்லை.

“ஏனுங்க மாஸ்டர், எங்க பேண்டு கூரை இருக்கற, தரையில்லாத ஊடு மாதிரி இருக்குதுங்க. ஒரு பாஸ் டிராம்போன் பார்த்துக் குடுங்க. ஊருல எல்லாருங் குடுத்ததுதான், ரொம்பக் கெடயாதுங்க.”

மூவரும் கோயம்புத்தூருக்கு இறங்கினோம். முதற்கடையில் புத்தம்புதிய கருவியொன்று இரண்டு விசைகளோடு பளபளத்தது. செய்தவர் பெயர் எங்கும் இல்லை. விலை கைக்கு எட்டியது. அந்தோணியின் கண்கள் அதிலேயே நின்றன. மாஸ்டர் வெளிக்குழாயை இறங்கவிட்டார், பாதியில் மாட்டிக்கொண்டது. விசையை அழுத்தினார், ஒலி எழவில்லை. பெட்டியின் மூடியைச் சாத்தினார். சாத்திய மூடி அவரிடம் மறுப்புக்கு அடையாளம்.

பழைய வாத்தியங்கள் விற்கும் கடையில் மற்றொன்று கிடைத்தது. ஒற்றை விசை, மெருகு போய்ப் பழுப்பேறிய நிறம், வாயருகே ஒரு நெளிவு. குழாய் நெய்போல் இறங்கியது. ‘டப்’ என்ற ஒலி கடைக்காரரையே திரும்பிப் பார்க்க வைத்தது.

“ரெண்டு ட்ரிகர் இல்லீங்களே மாஸ்டர்” என்றார் அந்தோணி.

“ரெண்டாவது இல்லேன்னா ஆக அடியில ஒரே ஒரு சுரம் கிடைக்காது. உங்க பாட்டுல அது எங்க வருது, சொல்லுங்க.”

அந்தோணி மனத்துக்குள் பாடிப் பார்த்துவிட்டு, “வராதுங்க” என்றார்.

“வராத சுரத்துக்கு எதுக்குக் காசு.”

நீர் ஊற்றினோம். முதலில் சற்றே பச்சையாகவும் பிறகு தெளிவாகவும் விழுந்தது. மாஸ்டர் ஊதினார், பின் நான், பின் அந்தோணி. மூடி திறந்தபடியே இருந்தது. வாங்கினோம். மலிவாக வாங்க விரும்புவோர்க்கு இன்றும் அதே அறிவுரைதான்: புதிதாய் மினுக்கும் இரு விசைகளைவிடப் பழையதில் கசியாத ஒரு விசை மேல்.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்கு நான் அவர்கள் தேவாலயத்திற்குச் சென்றிருந்தேன். வெளியே புல்லெல்லாம் உறைபனி. பாடலின் முதல் வரிக்கு அடியில் அந்தோணியின் இழுகொம்பு நுழைந்தபோது இருக்கையின் மரம் அதிர்ந்தது. அவர் மனைவி ஸ்டெல்லா பாடுவதை நிறுத்திவிட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த மழைக்காலத்தில் ஸ்டெல்லா பள்ளிக்கு என்னைத் தேடி வந்தார். கொழுந்து பறிக்கும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேருந்தேறி வந்திருந்தார். வரவேற்பறையில் உட்கார மறுத்து நின்றபடியே பேசினார்.

“சார், அந்தக் கொம்பை முந்தி ஊதுனவரு இப்ப எங்கிருக்காருங்க?”

“தெரியாதம்மா. ஏன்?”

“ரெண்டு மாசமா இருமறாருங்க. ராத்திரிக்குக் காய்ச்சல். பேன்ட்டு இடுப்புல நிக்கறதில்ல, கயிறு போட்டுக் கட்றாரு. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வரமாட்டேங்கறாரு. டிபின்னு எழுதிட்டாங்கன்னா ஃபாக்டரில நிக்க உடுவாங்களா? குடிக்கற தூளுங்க அது. வேலை போனா தோட்டத்துல குடுத்த லைன் வீடும் போயிருமுங்க.”

மாஸ்டர் அப்போது கோவையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். நான் பழைய கருவிக் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதுங்களா, ஒரு பெரியவரோடதுங்க. அவரு தவறுனப்புறம் அவங்க ஊட்டுல கொண்டாந்து போட்டாங்க.”

“எதனால் தவறினார்?”

“நெஞ்சுல ஏதோன்னாங்க. ஏனுங்க, கொம்புல ஏதாச்சும் பழுதுங்களா?”

பழுதில்லை என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன். ஸ்டெல்லா செய்தியை என் முகத்திலிருந்தே படித்துக்கொண்டார். மாஸ்டரின் சொல் என் காதில் மீண்டும் ஒலித்தது. அக்கருவியில் நானும் ஊதியிருந்தேன். அன்று மாலை வகுப்பில் எனக்கு இருமல் வந்தபோது பாடத்தை நிறுத்திவிட்டுக் கைக்குட்டையை விரித்துப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மஞ்சூருக்குப் போனேன். வரிசை வீடுகளை அடையுமுன்பே அவர் இருமலை அடையாளம் கண்டேன். ஈரமில்லாத, நெஞ்சைச் சுரண்டும் இருமல். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கினார். அகன்றிருந்த மார்பு சட்டைக்குள் எங்கோ போயிருந்தது.

“உதகை மருத்துவமனைக்கு வாருங்கள். அங்கே உங்களை யாருக்கும் தெரியாது” என்றேன்.

“தெரிஞ்சுருமுங்க சார். இந்த மலைல இருமுனாலே அடுத்த எஸ்டேட்டுக்குக் கேக்கும்.”

நகைக்க முயன்றார், அதுவும் இருமலாக முடிந்தது. ஸ்டெல்லா சுவரைப் பார்த்தபடி, “வராட்டி நான் அம்மா ஊட்டுக்குப் போறேன். அங்கிருந்தே உங்க இருமலைக் கேட்டுக்கறேன்” என்றார். அந்தோணி வந்தார்.

சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. மூவரும் மருத்துவமனை வாசலில் தேநீர் குடித்துக் கொண்டாடினோம். ஆயினும் ஊடுகதிர்ப் படத்தில் நுரையீரல் இரண்டிலும் பனிமூட்டம் போன்ற வெண்மை படர்ந்திருந்தது. மருத்துவர், நடுவயதுப் பெண்மணி, படத்தை விளக்கின்முன் நெடுநேரம் வைத்திருந்தார். சில வாரங்கள் ஊதவேண்டாம், இருமலும் காய்ச்சலும் திரும்பினால் உடனே வரவேண்டும் என்றார்.

ஊதாத அவ்வாரங்களில் அந்தோணி தேறினார். காய்ச்சல் நின்றது. எனக்கோ அச்சம் கூடியது. ஊதாதபோது நலம் என்றால் நோய் கருவியில் இருக்கிறது என்றல்லவா பொருள்? ஸ்டெல்லாவின் கணக்கு இன்னும் நேரானது: பெரியவர் தம் கொம்பை விடவில்லை. அதைக் கொண்டுபோய் அணையில் போட்டுவிடச் சொன்னார். “ஊரு காசுல வாங்குனதைத் தண்ணில போடறதா?” என்று அந்தோணி மறுத்தார். திருவிழா நெருங்கியது, நலமாகத்தானே இருக்கிறோம் என்று ஒத்திகைக்குப் போனார். தொடர்ந்து மூன்று நாள் ஊதியிருக்கிறார். நான்காம் நாள் காலையில் ஸ்டெல்லா அழைத்தார். “உதடு நீலமாப் போச்சுங்க சார்” என்றார்.

உதகையில் நான் போய்ச் சேர்ந்தபோது அந்தோணியின் முகத்தில் உயிர்வளிக் கவசம் இருந்தது. கழுத்தின் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. சுரங்களை ஆண்டுக்கணக்கில் எண்ணிய பழக்கத்தால் அவர் மூச்சையும் எண்ணத் தொடங்கி, எண்ணிக்கையின் வேகத்துக்கு அஞ்சி நிறுத்தினேன். மருத்துவர் ஸ்டெல்லாவையும் என்னையும் வெளியே அழைத்துக் கேட்டார்.

“ஊதும்போது மூச்சை எப்படி இழுப்பாரு? வாயை எடுத்துட்டா, எடுக்காமலா?”

“எடுத்துவிட்டுத்தான். நாங்கள் அப்படித்தான் கற்பிக்கிறோம்” என்றேன்.

“இல்லீங்க சார்” என்றார் ஸ்டெல்லா. “வாயை எடுக்கவே மாட்டாரு. எங்க பேண்டுல யாருமே எடுக்க மாட்டாங்க. அந்தக் குளிர்ல ஒருக்கா உதட்டை எடுத்தா மறுபடி வெக்க முடியாதுங்க, ஐஸ் மாதிரி சுடும். கொம்புக்குள்ளயேதான் இழுத்துக்குவாங்க.”

“கொம்பை எங்க வெச்சிருப்பாரு?”

“ஊட்டுல வெச்சா சில்லுன்னு ஆயிருமுங்க. சில்லுன்னு இருந்தா சுருதி இறங்கிப்போகும். அதனால ஃபாக்டரில, கொழுந்து வாட்டற மாடில வெச்சிருக்காரு. அங்க எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும்.”

“ஊதும்போது எதாச்சும் குடிப்பாங்களா?”

“டீதாங்க. பாட்டுக்குப் பாட்டு டீ. சக்கரை தூக்கலா.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். “அந்தக் கருவியை இன்னைக்கே கொண்டுவர முடியுமா?”

மஞ்சூர்ப் பேருந்தில் ஏறினேன். வளைவுகளில் மூடுபனி சன்னல்வரை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் திரும்பி வருமுன் கைபேசி அடித்துவிடுமோ என்று அதைப் பையில் போடாமல் உள்ளங்கையில் பிடித்திருந்தேன்.

தொழிற்சாலை மாடியில் காலெடுத்து வைத்ததும் மூக்குக் கண்ணாடி மங்கியது. வாடும் இலையின் ஈரமும், கீழிருந்து ஊதப்படும் வெப்பக் காற்றும் கலந்த மணம். எனக்கே அங்கு இதமாக இருந்தது. குளிரிலிருந்து வந்த எவருக்கும் இருக்கும். மூலையில், மழைக்கோட்டுகளுக்குக் கீழே, கம்பளியில் சுற்றிய பெட்டி. கீழே எடுத்துவந்து மூடியைத் திறந்து, மாஸ்டரைப் போல் முகர்ந்தேன். புளித்த கள்ளும் நனைந்த காலுறையும் சேர்ந்தாற்போன்ற வாடை.

கொதிகலனருகில் வெந்நீர் கிடைத்தது. தொழிலாளர் ஒருவர் தேநீர்த் தூளின் நிறம் பார்க்கும் வெள்ளைப் பீங்கான் கிண்ணமொன்றைக் கொடுத்தார். விளாவி ஊற்றினேன். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. ஊற்றிய நீர் உள்ளே எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்க முயன்ற கணத்தில், கருத்த கொழகொழப்பான கட்டியொன்று கிண்ணத்தில் விழுந்தது. அதன்பின் பச்சையும் சாம்பலுமாய்த் தோல்தோலாக வந்துகொண்டே இருந்தது.

“என்னங்க சார் இது, உள்ள ஏதோ செத்துக் கெடந்துச்சுங்களா?” என்றார் கிண்ணம் கொடுத்தவர்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடையில் நீர் தெளிந்து விழுந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இறந்த பெரியவருக்கு இதில் பங்கில்லை. இனிப்புத் தேநீரின் எச்சில் உள்ளே போயிருக்கிறது. மாடியின் ஈரச்சூடு அதை அடைகாத்திருக்கிறது. குளிருக்கு அஞ்சிய உதடு அதையே திரும்ப உறிஞ்சியிருக்கிறது. முன்பு ஊதியவர் அந்தோணியேதான். தம் மூச்சையே அவர் ஓராண்டாக நஞ்சாக உள்ளிழுத்திருக்கிறார்.

கட்டிகளைப் புட்டியில் அடைத்துக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்து உதகைப் பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்தேன். நடத்துநர் பெட்டியைத் தட்டி, “என்னங்க, உள்ள யாரு?” என்று வேடிக்கையாகக் கேட்டார். பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் பயணச்சீட்டைக் கொடுத்துவிட்டு விலகிப் போனார்.

மருத்துவர் புட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இது பூஞ்சை; ஆனால் நோய் தொற்று அன்று, பூஞ்சையால் வந்த ஒவ்வாமை; நுரையீரல் அதை எதிர்த்தே வீங்கியிருக்கிறது என்று விளக்கினார். மருந்து மாறியது. இரண்டு நாள் எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள். ஸ்டெல்லா அந்த இரண்டு நாளும் கட்டிலின் கம்பியை விடாது பற்றியிருந்தார். மூன்றாம் நாள் காலையில் அந்தோணி கவசத்தை விலக்கி முதன்முதலாகக் கேட்டது, “ஃபாக்டரில என்ன சொல்லிருக்கீங்க?” என்பதே.

“டிபி இல்லைன்னு சொல்லியாச்சு. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க. வேலையும் இருக்குது, ஊடும் இருக்குது. வாயை மூடிட்டுப் படுங்க” என்றார் ஸ்டெல்லா. சொல்லிவிட்டு வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்து அழுதார்.

நுரையீரலின் ஒரு பகுதி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மாடி வேலையிலிருந்து தூள் கட்டும் பிரிவுக்கு அவரை மாற்றினார்கள். ஓராண்டு முழுதும் ஊதவில்லை. பின்னர் மருத்துவரின் இசைவோடு தொடங்கினார்; அதற்கு ஸ்டெல்லா விதித்த கட்டளைகள் உண்டு. பேண்டில் யாருக்கும் பாட்டு முடியும்வரை தேநீர் கிடையாது, வெந்நீர்தான். உதடு வைத்து ஊதும் வாய்முனையைச் சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளவேண்டும்; மூச்சிழுக்கும்போது உதட்டை எடுக்கவேண்டும். ஊதி முடித்ததும் எல்லாக் கருவியும் அவர் முன்னிலையில் வெள்ளைப் பேசினில் கழுவப்படும். தண்ணீர் தெளியும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. பங்குத்தந்தையே ஒருமுறை காத்திருந்தார்.

திவ்யாவுக்கு நான் சொன்னது இவ்வளவே. இறங்காத குழாயை வாங்காதீர்கள். கசியும் விசையை வாங்காதீர்கள். ஒற்றை விசை போதும். வாங்கியபின் வாரந்தோறும் கழுவுங்கள். நீரின் நிறத்தை நீங்களே பாருங்கள். வேறொருவர் பார்த்துச் சொன்னதை ஏற்காதீர்கள். “இவ்வளவு பயமுறுத்துறீங்களே சார்” என்றார். ஆம், அம்மா. அச்சுறுத்துவதற்காகத்தான் சொல்கிறேன்.

சென்ற கிறிஸ்துமஸுக்கும் மஞ்சூருக்குப் போயிருந்தேன். ஸ்டெல்லாவின் அருகில் எனக்கு இடம் வைத்திருந்தார்கள். அந்தோணி தாழ்ந்த சுரமொன்றைப் பிடித்தார், மரம் அதிர்ந்தது. சுரம் முடிந்தது. உதட்டை எடுத்தார், மூச்சை இழுத்தார். அந்த இடைவெளியில் நாங்கள் இருவரும் எங்கள் மூச்சை நிறுத்தியிருந்தோம். அடுத்த வரிக்குப் போய்விட்டார். அப்போது தேவாலயத்துக்குள் ஓர் இருமல் கேட்டது. கால்கள் தாமாகவே எழ, நான் பாதி எழுந்துவிட்டேன். முன்வரிசையில் கம்பளித் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கண்ணை அந்தோணியிடமிருந்து எடுக்காமலே மெல்லச் சொன்னார்:

“அவருக்கு வெறும் சளிங்க சார். உள்ள வரப்பவே நிறுத்திக் கேட்டுட்டேன்.”